ஆர்கானிக் ஒயின் யாருக்கு நல்லது?

பிரான்ஸ் போய்ட்டு வந்த நண்பன் ஒரு ஒயின் பாட்டிலை நீட்டினான். "ஆர்கானிக்டா, ஒரு குடும்பமே பார்த்துக்குற தோட்டம். உடம்புக்கு நல்லதுதானே? நீதான் டாக்டர், சொல்லு."

சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

எந்த உரம் போட்டு வளர்த்த திராட்சையானாலும் புளிச்சு வர்றது அதே ஆல்கஹால்தான். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்போ ஆர்கானிக் என்பது வெறும் லேபிளா? அதுவும் இல்லை.

பிரான்ஸின் லுவார் பகுதியில் நிக்கோலா ஜோலியின் குடும்பத் தோட்டம் இருக்கிறது. வங்கி வேலையை விட்டு ஊர் திரும்பியவர் முதலில் களைக்கொல்லிதான் அடித்தார். மண் மாறுவதைப் பார்த்து, 1980-களில் பயோடைனமிக் முறைக்கு வந்தார். 1924-ல் ருடால்ஃப் ஸ்டெய்னர் பேசிய முறை அது. மாட்டுக் கொம்பில் சாணியை அடைத்து, குளிர்காலம் முழுக்கப் புதைத்து, பிறகு தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்கள். கொம்புக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் ரசாயனப் பூச்சிக்கொல்லியை நிறுத்துவது நிஜம்.

அந்த நிஜம் யாருக்கு முக்கியம்?

எங்க அப்பாவும் திராட்சைக்காரர்தான். கம்பம் பக்கம், பன்னீர் திராட்சை. பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து மருந்தடிக்கணும். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். சாரல் முகத்திலேயே விழும். ராத்திரி தலைவலி, வாந்தி. "வெயில்ல நின்னதுய்யா" என்பார். நாங்களும் நம்பினோம்.

ஹவுஸ் சர்ஜனா கேஷுவால்டியில் இருந்த ஒரு இரவு, மருந்தடித்த ஒருவரைத் தூக்கிட்டு வந்தாங்க. கண் பாப்பா ஊசிமுனை மாதிரி, வாயெல்லாம் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை. அட்ரோபின் போடும்போதுதான் அப்பாவின் 'வெயில்' ஞாபகம் வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து அப்பாவுக்கு போன் பண்ணினேன்.

"அப்போ அடிச்சாம்பலுக்கு என்னய்யா அடிக்கிறது?" என்றார். ஆர்கானிக்காரர்களும் அடிக்கிற மயில்துத்தம்–சுண்ணாம்பு கலவை இருக்கிறது. அதுவும் சாது இல்லை. அதை வருடக்கணக்கில் சுவாசித்த போர்ச்சுகல் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டதை 1969-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதனால் கலவையோடு மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுத்தேன். முனகிக்கொண்டேதான் போடுகிறார்.

நண்பனுக்கு என் பதில்: இது குடிக்கிற உனக்கு இல்லடா, அங்கே தோட்டத்தில் நின்றவனுக்கு நல்லது.

உங்க வீட்டில் மருந்தடித்தவருக்குத் தலைவலி, வாந்தி, கண் மங்கல் வந்தால் வெயில் என்று விட்டுடாதீங்க. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துட்டு வாங்க.