நெய்வேலி: கண்ணுக்குத் தெரியும் ஆவி, தெரியாத புகை

நெய்வேலியை நெருங்கும் பஸ்ஸில் ஜன்னலோரக் குழந்தைகள், "அய்யோ, எவ்ளோ புகை!" என்று கை நீட்டுவதுண்டு. இடுப்பு சிறுத்த அந்த ராட்சத கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது வெறும் நீராவி. மின் நிலையத்தில் சூடான தண்ணீரை ஆற்றும் இடம் அது. கவலைப்பட வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு, பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கி வழியே போகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் வந்தது. அதுதான் ஆரம்பம். 1956-ல் நிறுவனம் உருவானது. சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. கூடவே ஊரும் வளர்ந்தது. இன்றும் டவுன்ஷிப்பில் முகவரி கேட்டால் எத்தனையாவது வட்டம் என்றுதான் பதில் வரும். சுரங்க ஊரா இது என்று சந்தேகப்படும் அளவுக்கு மரங்கள்.

இங்கே வெட்டப்படுவது பழுப்பு நிலக்கரி. எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்! ஈர விறகில் அடுப்பு மூட்டிய பாட்டிகளுக்கு இதன் சிக்கல் சட்டென்று புரியும். ஈரத்தை விரட்டவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி எரிகிறது. வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடும் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. பாதி தண்ணீராக இருக்கும் கரியிலிருந்து அவ்வளவு வாயுவா? எரியும்போது 12 கிலோ கார்பன், காற்றிலிருந்து 32 கிலோ ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு 44 கிலோவாகிவிடும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறும் நெய்வேலியிலிருந்தே வந்தால், பில்லில் பூஜ்யம். வானத்தின் கணக்கில் 100 கிலோவுக்கு மேல்.

600 மெகாவாட் முதல் நிலையத்தை 2020-ல் மூடிவிட்டார்கள். புதிதாக வந்தது 1,000 மெகாவாட். அதே யூனிட்டுக்கு இது குறைவாகத்தான் எரிக்கிறது, நல்லது. ஆனால், நிலையமே பெரிதாகிவிட்ட பிறகு மொத்தப் புகை எங்கே குறையப் போகிறது? இங்கேயே 130 மெகாவாட்டுக்கு சோலார் தகடுகளும் இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் அவற்றுக்கு ஓய்வு. ராத்திரி ஃபேனைச் சுற்றுவதில் கரிக்குத்தான் பெரும்பங்கு.

இந்த அடுப்பை நம்பிச் சோறு தின்னும் குடும்பங்கள் ஊரெங்கும் உண்டு. அடுப்புக்குக் கரி வேண்டும், கரிக்கு நிலம் வேண்டும். 2023 ஜூலையில், பக்கத்திலுள்ள வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியது அறுவடைக்குக் காத்திருந்த நெல்வயலுக்குள்.