நடை தூரம்

அக்காள் மகன் நகரமைப்புப் படித்தவன். லீவுக்கு வந்திருந்தபோது எங்கள் தெருவுக்கு மதிப்பெண் போட்டான். ஓர் ஊரில் நடப்பது எவ்வளவு எளிது என்பதை எண்ணால் சொல்லிவிட முடியும் என்பது அவன் கட்சி. நான் மறுக்கவில்லை. அம்மாதான் மறுத்தாள்.

முறை எளிமையானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு வரைபடம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம், திருத்தலாம். அதில் வீடு ஒரு புள்ளி. அங்கிருந்து மளிகைக் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், கோயில் ஒவ்வொன்றுக்கும் தெரு வழியே தூரத்தைக் கணக்கிட வேண்டியது. ஐந்து நிமிஷ நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் இருந்தால் முழு மதிப்பெண். போகப் போகக் குறையும். அரைமணி நடைக்கு அப்பால் பூஜ்யம். சந்திகள் நெருக்கமாக இருந்தால் சுற்றுவழி குறையும் என்பதால் அதுவும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் 2007இல் வந்த வாக் ஸ்கோர் இந்த மாதிரிதான் வீடுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட ஆரம்பித்தது. வீடு விற்பவர்களுக்கு அது உபயோகப்பட்டது.

பழைய தூத்துக்குடி இந்தக் கணக்கில் தோற்காது. பீச் ரோட்டை ஒட்டிய தெருக்கள் துறைமுகத்தையும் கோயிலையும் நம்பி எழுந்தவை. மோட்டார் வருவதற்கு முன் காலுக்கு அமைந்தவை. எல்லாம் எல்லாவற்றுக்கும் பக்கம்.

“மாமா, நம்ம வீட்ல இருந்து மாதா கோயில் 380 மீட்டர்தான். அஞ்சு நிமிஷம்கூட இல்ல.”

“எவனுக்குலே அஞ்சு நிமிஷம்?” என்றாள் உள்ளேயிருந்து அம்மா. அவளுக்கு 81 வயசு.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக நானும் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில்தானே இருக்கிறது, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று. வரைபடம் இல்லாமலே அளந்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் நடந்தோம். அவன் கையில் போனும் டேப்பும். என் கையில் அம்மாவின் முழங்கை.

நடைமேடை 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்கவேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி. எங்கள் முனையில் அவன் டேப்பை வைத்தான். 31 சென்டிமீட்டர். அம்மா ஏறவில்லை, ரோட்டிலேயே நடந்தாள். அடுத்தாற்போல் மேடை தாழ்வாக இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மறுபடி ரோடு. பின்னால் ஹாரன். சாக்கடைப் பலகை இருந்த இடத்தில் எல்லாம் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். 2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பின் வந்த பழக்கம் இது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. வடிந்து வரும்போது மூடியில்லாத சாக்கடையில் இவள் கால் இறங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. தரையின்மேல் இருந்த நம்பிக்கை முறிந்தது.

மூன்று இடத்தில் நின்றாள். மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்தாள். நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் ஸீட்டில் கையூன்றிக் கொஞ்ச நேரம். டீக்கடைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம்.

“முன்ன இந்த வழியில ஏழு திண்ணை உண்டு. இப்ப ஒண்ணும் இல்ல” என்றாள்.

கோயில் வாசலைத் தொட 19 நிமிஷம்.

வீட்டுக்கு வந்து அவன் போனில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் விரித்தான். நடந்த வழி ஒரு கோடாக வந்தது. நின்ற மூன்று இடத்திலும் கோடு இல்லை. புள்ளிகள் ஈ மொய்த்தாற்போல் சிதறிக் கிடந்தன. ஆள் அசையாமல் இருந்தாலும் ஜி.பி.எஸ். சில மீட்டர் அங்கும் இங்கும் அலையும், அதனால் இப்படி, என்று விளக்கினான். இந்தக் கொத்துகளை முதலில் நீக்கிவிடுவதுதான் வழக்கம். பிழை என்று கொள்வார்கள். நீக்கினால் கோடு சுத்தமாகிவிடும்.

அம்மா உட்கார்ந்ததெல்லாம் பிழை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. என்ன கேட்கிறோம் என்பதை வைத்துத்தான் எது பிழை என்பதும். இந்தக் கடற்கரை இதை முன்பே பார்த்திருக்கிறது. முத்துச் சலாபத்துக்கு முன் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா, மாதிரிக்கு எடுத்தவற்றில் கிடைத்த முத்து என்ன விலை பெறும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்த வருஷம் சலாபம் உண்டா இல்லையா என்று அரசு முடிவு செய்யும். 1961க்குப் பின் இங்கே சலாபம் நடக்கவில்லை. அந்தக் கணக்குகள் பொய்யல்ல. வருமானம் எவ்வளவு என்று கேட்டவருக்கு அவை பதில். கீழே போனவனுக்கு இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம் என்பது தோணியில் கயிற்றைப் பிடித்து நின்றவனின் கைக்குத்தான் தெரியும். அன்று காலை என் கைக்கும் சில விஷயங்கள் தெரிந்தன. எந்த இடத்தில் அவள் பாரம் என்மேல் கூடியது, எந்த இடத்தில் இல்லாமல் போனது என்று. இத்தனை நாள் நான் பிடித்ததே இல்லை.

நம் விமர்சனத்திலும் இந்தக் காரியம் நடக்கிறது. ஒரு கவிதையில் படிமம் எத்தனை, இறுக்கம் எவ்வளவு என்று கோட்டைச் சுத்தமாக இழுத்துவிடுகிறோம். வாசகன் திணறி நின்ற இடங்களைச் சிதறல் என்று தள்ளிவிடுகிறோம்.

தெருவும் ஒன்றாகவே இருப்பதில்லை. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை மாதா திருவிழா. கூட்டத்தில் வண்டி நுழைய முடியாது. அம்மா ரோட்டு நடுவில் நடப்பாள். கடை போட்டவர்கள் ஸ்டூலை நகர்த்திக் கொடுப்பார்கள். அந்த நாட்களில் ஆட்டோ கேட்டதில்லை அவள். வரைபடத்தில் அதே 380 மீட்டர்தான்.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் யோசித்தான். நடைமேடையின் அகலம், விளிம்பின் உயரம், தளம், பெஞ்சு எல்லாவற்றுக்கும் அந்த வரைபடத்தில் குறிகள் இருக்கின்றன, நம் ஊருக்கு யாரும் போடவில்லை, அவ்வளவுதான் என்றான். ஆக, குறை கருவியில் இல்லை. நடக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு யாரும் அளக்கப் போகவில்லை. ஊரில் இருக்கிற நானே போகவில்லை.

அன்றிரவு அவன் புள்ளிக் கொத்துகளை நீக்கவில்லை. ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, திண்ணைகள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டுத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டான். இப்போது இல்லாததை வரைபடத்தில் போடக்கூடாதாம்.

எங்கள் தெருவின் மதிப்பெண் மாறவில்லை. நல்ல மதிப்பெண்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா ஆட்டோவில் போகிறாள். பக்கத்தில்தானே என்று நான் சொல்வதில்லை.