வற்றல் வெயில்

தை 18, தஞ்சாவூர்

கொல்லையில் மணத்தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடக்கிறது. குருவி எச்சத்திலிருந்து கார்த்திகை மழையில் தானாக முளைத்த செடிகள். களையென்று பிடுங்காமல் விட்டதற்கு இவ்வளவு காய். பழுத்துக் கறுத்தவை பிள்ளைகளுக்கு. வற்றலுக்கு என்றால் பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும்; பழம் கலந்தால் மோரில் குழைந்துபோகும்.

கொத்தவரை விதையும் இன்று ஊன்றியாயிற்று. பங்குனியில் காய்ப்புக்கு வரும். காயும் வெயிலும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்தப் பட்டம்.

மாசி 9

இலைகளுக்கு ஏற்ற மாதம் இது. பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் கொளுத்தவில்லை. முருங்கை, கறிவேப்பிலை, தூதுவளை மூன்றையும் கூடத்தில் உலர்த்தத் தொடங்கினோம். இலை எதையும் நேர் வெயிலில் போடக் கூடாது. பச்சை வெளுத்து, மணமும் போய், வைக்கோல் போலாகிவிடும்.

முருங்கைக் கீரையை அலசி, நீர் வடியவிட்டு, கொத்தோடு பழைய வேட்டியில் சுருட்டி ராத்திரி வைத்துவிட்டால், காலையில் உதறும்போதே இலை உதிர்ந்துவிடும். உட்கார்ந்து உருவ வேண்டியதில்லை. பிறகு துணியில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, அவ்வப்போது புரட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும். துவண்டு மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. தூதுவளைக்கு இலையின் அடியிலும் முள் உண்டு, காய்ந்தால் அது இன்னும் கூரியது. பச்சையிலேயே கிள்ளி எடுத்துவிடுவது நல்லது.

காயவைத்த கீரையில் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். இரும்பும் கால்சியமும் போவதில்லை. அதனால் பச்சைக் கீரை கிடைக்கிற நாளில் பச்சைக் கீரையே சமைக்க வேண்டும். கிடைக்காத நாளுக்குத்தான் பொடி.

பங்குனி 4

மோர்மிளகாய் போட்டோம். இராமநாதபுரம் முண்டு மிளகாய் விதை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாய். அந்த ஊர்ப்பக்கம் பழுக்கவிட்டுத்தான் காயவைப்பார்கள். நாங்கள் பச்சையாகப் பறித்து, காம்பைக் கிள்ளாமல், ஊசியால் குத்தி, கல்லுப்புக் கரைத்த புளித்த மோரில் ஊறப்போடுகிறோம். பகலில் பாயில், ராத்திரி மறுபடி மோரில். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இப்படியே. பச்சை மறைந்து வெண்மஞ்சளாகி, ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்கும். அதுதான் பதம்.

இதில் வேலை செய்வது வெயில் மட்டுமல்ல. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கிறது. இந்த இரண்டும் காவலுக்கு இருப்பதால்தான் வெயில் நிதானமாகத் தன் வேலையை முடிக்க முடிகிறது.

பங்குனி 11

மேகமூட்டம். பாயை உள்ளே இழுத்து விசிறிக் காற்றில் போட்டோம்.

பங்குனி 20

சுண்டைக்காய். செடியில் முள், காயில் கசப்பு. ஆனாலும் கொல்லையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் காய்க்கும். வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கும் வேர் என்பதால், சுண்டையின் வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள்.

விதை முற்றுவதற்கு முன்பே காயைப் பறித்துவிட வேண்டும். என் மாமியார் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "குழவியால ஒரு தட்டுத் தட்டினாப் போதும்மா. வாய் பிளக்கணும், விதை சிந்தக் கூடாது." அந்தப் பிளவு வழியாகத்தான் மோரும் உப்பும் உள்ளே இறங்கும். கத்தியால் நறுக்கினால் இந்தப் பக்குவம் வராது என்றே நினைக்கிறேன். காக்காய்க்காகப் பாயின் ஓரத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்திருக்கிறோம்.

சித்திரை 12

கொத்தவரை கடைசிப் பறிப்பு. நார் ஏறாத பிஞ்சாகப் பார்த்து, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் அரைவேக்காடாக எடுத்து வடித்தோம். அந்தச் சூட்டில் காயின் நொதிகள் அடங்கிவிடுவதால் காயும்போது நிறம் கெடாது. மாடித் தளத்தில் கால் வைக்க முடியாத வெயில், சீக்கிரமே காய்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஆறவிட்டுக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்தாயிற்று. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை படிந்த வற்றலைத் துடைத்துவிட்டு வறுத்துச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், எண்ணெயில் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட ஜாடியைத் தயங்காமல் குப்பையில் கொட்டிவிட வேண்டும்.

கொல்லை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெயில் படும் மாடியோ பால்கனியோ இருந்தால் வற்றலுக்கென்று இரண்டு தொட்டி ஒதுக்குங்கள். ஒன்றில் சுண்டை, ஒன்றில் மிளகாய். மிளகாய்க்குப் புரட்டாசியில் நாற்றுவிட்டால் பங்குனி வெயிலுக்குக் காய் தயாராக இருக்கும்.