பின்சக்கரம் வழுக்கும் களத்தில்

நிசான் செஃபீரோ ஏ31, 1990களின் தொடக்கத்தில் மலேசியாவில் அதிகாரிகளும் வியாபாரிகளும் குடும்பத்தோடு ஏறிப்போன கண்ணியமான கார். ஜொகூரின் சிகாமட்டில் ஒரு பட்டறையில் நான் பார்த்த செஃபீரோவில் பின் இருக்கை இல்லை, தரை விரிப்பு இல்லை. கதவின் உள்பக்கத்தில் வெறும் அலுமினியத் தகடு. முன் பம்பரின் வெடிப்பை பிளாஸ்டிக் பட்டிகளால் தையல் போட்டதுபோல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை அது டிரிஃப்ட் ஓட வேண்டும்.

இத்தனை பழைய கார் எதற்கு? வளைவில் காரின் பின்பகுதியை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, அந்த வழுக்கலைக் கைக்குள் வைத்தபடி ஓட்டுவதுதான் டிரிஃப்ட். அதற்குப் பின்சக்கரங்களை எஞ்சின் சுழற்ற வேண்டும். ஊரெங்கும் ஓடும் புரோட்டோன், பெரோடுவா கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுபடுபவை. ஆகவே பழைய செஃபீரோவையும் நிசானின் இன்னொரு பின்சக்கரக் காரான சில்வியாவையும் தேடிப்பிடிக்கிறார்கள். ஜப்பானில் கழித்த கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்யும் ‘ஆஃப் கட்’ கடைகளில் எஞ்சின் வாங்கிப் பொருத்துகிறார்கள்.

பட்டறையின் மூத்த போர்மெனை எல்லோரும் ‘அண்ணே’ என்றே கூப்பிடுகிறார்கள். அன்றிரவு அவர் கையில் இருந்தது பின் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுழல இடம் கொடுப்பது அந்தப் பாகம். டிரிஃப்ட்டுக்கு அந்தச் சலுகை ஆகாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றால்தான் பின்பகுதி சீராக வழுக்கும். இதற்கென்றே செய்த பாகங்கள் விலை அதிகம். கையில் காசில்லாத இளைஞர்களுக்காக உள்ளே இருக்கும் சிறிய பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிடுகிறார் அண்ணன்.

எண்ணெயை வடித்து, பெட்ரோலில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடியும் கழுவினார். “பிசுக்கு ஒரு சொட்டு இருந்தாலும் வெல்டிங் பிடிக்காது தம்பி. நாளைக்கு உள்ளேயே உடைஞ்சி பல்லு பல்லா கொட்டும்” என்று பக்கத்தில் டார்ச் பிடித்திருந்த பையனிடம் சொன்னார். பையன் லாபிஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். கார் அவனுடையதும் இல்லை. வேலை கற்றுக்கொள்ள வந்து நிற்கிறான். கூலி என்று அண்ணன் வாங்கியது வெல்டிங் கம்பிக்கான வெள்ளி மட்டுமே.

இந்த விளையாட்டு ஜப்பானில் பிறந்தது. 1970களில் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்து, கெய்ச்சி சுச்சியா அதை மலைச்சாலைகளில் ஒரு கலையாகவே வளர்த்தார். 2017இல் அனைத்துலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. டோக்கியோவில் தன் முதல் டிரிஃப்ட் கோப்பையை நடத்தியது. மலேசியாவுக்கும் இதில் பெயருண்டு. ‘டிரிஃப்ட் இளவரசர்’ என்று அழைக்கப்படும் தெங்கு ஜான் அனைத்துலகக் களங்களில் ஓட்டியவர். போட்டியில் யார் முதலில் வந்தார் என்ற பேச்சே கிடையாது. ஓட்டிய பாதை, வழுக்கிய கோணம், ஓட்டத்தின் அழகு ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண்.

பயிற்சி நாளிலோ மதிப்பெண்ணும் இல்லை. சிப்பாங் வளாகத்து டிரிஃப்ட் களத்தில் காலையிலேயே கூடாரங்கள் எழுந்துவிட்டன. ஹெல்மெட் உண்டா, இழுவைக் கொக்கி வெளியே தெரிகிறதா, பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு காரையும் சோதித்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். பின் டயர்கள் எல்லாம் பழையவை. சில சுற்றுகளில் ரப்பர் கரைந்து உள்ளே கம்பி பல்லிளிக்கும். உடனே கார் கூடாரத்துக்குத் திரும்பும். ஜாக்கி ஒருவருடையது, நட்டுக் கழற்றும் துப்பாக்கி இன்னொருவருடையது, மாற்று டயர் மூன்றாமவருடையது. யாரும் கணக்கு எழுதவில்லை.

நண்பகலில் ஒரு சில்வியாவின் ஸ்டீயரிங் தண்டு முறிந்தது. அதன் சொந்தக்காரரான மலாய் இளைஞர் தனியாக வந்தவர். அவர் உதவி கேட்கும் முன்பே சீன இளைஞர் ஒருவர் தன் உதிரிப் பாகத்தைக் கொண்டுவந்தார். சிகாமட் பையன் காரின் அடியில் புகுந்துவிட்டான். அண்ணன் குனிந்து சக்கரம் நேராக நிற்கிறதா என்று கண்ணளவிலேயே பார்த்துச் சொன்னார். ஒற்றுமையைப் பற்றி நாம் கேட்கும் எத்தனையோ மேடைப் பேச்சுகளைவிட எனக்கு இது பெரிதாகப்பட்டது. அந்த மலாய் இளைஞர் மீண்டும் களத்துக்குள் போனபோது கூடாரமே கைதட்டியது.

சிகாமட்டிலிருந்து இங்கு வந்து சேர இரண்டு மணி நேரம் போல ஆகிறது. காரை ஏற்றிவர லாரி, எண்ணெய்ச் செலவு, களக் கட்டணம் என்று ஒரு நாள் ஆசை ஒரு மாதச் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது. ஜொகூரிலேயே பாசிர் கூடாங்கில் 1986இல் திறந்த பந்தயக் களம் ஒன்று இருந்தது. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி அங்கேதான் நடந்தது. இன்று அது இல்லை. களம் எட்டாத தூரத்தில் இருந்தால் சில பையன்கள் பொதுச்சாலைக்கு இறங்கிவிடுகிறார்கள். அங்கே மார்ஷல் இல்லை, தீயணைப்பான் இல்லை, எதிரே வருவது யாரென்றும் தெரியாது. சட்டமும் சும்மா விடாது. ஆபத்தாக வாகனம் ஓட்டுவோருக்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சிறைத்தண்டனையே வைத்திருக்கிறது.

ஆகவே சிகாமட் நகராண்மைக் கழகத்திடம் நான் கேட்பது பெரிய பந்தயக் களம் அல்ல. வேலி போட்ட ஒரு தார்த்தளம், மாதத்தில் ஒரு ஞாயிறு, வாசலில் ஓர் ஆம்புலன்ஸ். இவ்வளவு கிடைத்தால் மற்றதை அந்தப் பட்டறை அண்ணன்களும் தம்பிகளும் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு ஞாயிறைக் கொடுங்கள்.