பசி யாரையும் வளர்த்ததில்லை

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றால் என்னைப் போன்ற வயதானவர்களைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைப்பார்கள். அறிமுகம் செய்கிறவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "அய்யா கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் பிறந்தவர். அந்தக் கஷ்டம்தான் அவரை இந்த அளவுக்கு ஆளாக்கியது." பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு நாளும் உடன்பாடு இருந்ததில்லை. என்னை ஆளாக்கியது கஷ்டம் அல்ல. கஷ்டத்துக்கு நடுவே எனக்குச் சோறு போட்டவர்களும், எனக்காகத் தங்கள் வாழ்வை விட்டுக்கொடுத்தவர்களும்தான். இதை மாற்றிச் சொல்லிக் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகளின் பசி நமக்கு ஒரு பாடத்திட்டம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

இந்த இடத்தில் கலைவாணரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், படிப்பைத் தொடர முடியாமல் நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் என்பது உண்மைதான். ஆனால் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. தங்க இடமும் தொழிலும் தந்தது. அந்தக் காலத்தில் கொட்டகைகளில் தட்டு ஏந்தி நின்ற பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுக்கும் அதே வறுமைதான். அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒருவனைச் சொல்கிறேன், என்னோடு படித்தவன். 1956 நவம்பர் 1இல் எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பிறகு 1961இலிருந்து கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் பால்பொடியும் மாவும் வந்தன. நான் படித்த பள்ளியிலும் அடுப்பு எரிந்தது. ஆனால் காலையில் பேர் எழுதுவார்கள். "மத்தியானம் சாப்பாடு வேணும்னு உள்ளவன் எழும்பு" என்று வாத்தியார் சொல்லுவார். நான் எழும்புவேன். பக்கத்தில் இருந்தவன் எழும்பமாட்டான்.

அவன் அப்பா பனையேறி. அம்மா அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். அடுப்பெரிக்கச் சருவு, அதாவது காய்ந்த இலை வேண்டும் என்பதால், விடியுமுன்பே எழுந்து விளைகளில் சருவு அரித்துப் போட்டுவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருவான். பனை ஓய்ந்த மாதங்களில் வீட்டில் வருமானம் கிடையாது. மரச்சீனிக் கிழங்கு கிடைத்தால் அன்றைக்கு யோகம். மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்குப் போவதுபோல் கிளம்புவான். வீடு தூரம். கிணற்றடியில் ஒரு வாளி இறைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டு, சட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டு வந்தவன்போல் வந்து உட்காருவான். சாயங்கால வகுப்பில் தலை தொங்கும். மந்தம் என்று பேர் வாங்கினான். அதே பையன் சந்தையில் கருப்பட்டிக் கணக்கை வியாபாரி விரல் மடக்குமுன் மனத்தால் போட்டுச் சொல்லுவான். எட்டாம் வகுப்போடு நின்றான்.

எழும்பியதால் நான் படித்தேன், எழும்பாததால் அவன் நின்றான் என்று முடித்துவிட முடியாது. அவன் வீட்டுக்கு மூத்தவன். அப்பா பனையிலிருந்து விழுந்தது வேறு. என்றாலும் சோறு இருக்கிற இடத்திலேயே ஒரு பிள்ளை பட்டினி கிடக்கும்படி வெட்கம் செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பத்து வயதுக்கு மேல் அந்த வெட்கம் பசியைவிடப் பெரிதாகிவிடுகிறது. தோழர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே அந்த வயதின் உயிர்நாடி.

வறுமை அறிவை என்ன செய்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். கை வறண்டிருந்தபோது தடுமாறிய அதே ஆட்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு தெளிவாக யோசித்தார்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. நாற்பது வயது ஆளுக்கே இப்படி என்றால், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை என்ன ஆகும்? வட்டிக்காரன் வாசலில் நின்று பேசுவதைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளையின் கவனம் பாடத்தில் பாதிகூட இருக்காது.

என் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். பதின்மூன்று வயதில் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனாள். முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். கிழிந்த பத்திரிகைத் துண்டைக்கூட விடாமல் வாசிக்கிறவள் அவள். அவளுடைய கூலியில்தான் எனக்கு நோட்டும் பேனாவும் வந்தன. ஊரில் அவளைப் பொறுப்பான பிள்ளை என்று மெச்சுவார்கள். பதின்மூன்று வயதுக்குப் பெரிய மனுஷியின் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டு நாம் சொல்கிற ஆறுதல் அது. திருமண வீடுகளில் அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான். ஆனால் மாநிலம் முழுவதையும் எடுத்தால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இரத்தசோகை உள்ள தாயின் வயிற்றிலேயே பிள்ளையின் குறை தொடங்கிவிடுகிறது.

சரிசெய்ய முடியாத குறை என்று யாரும் கையை விரிக்க வேண்டாம். 1980களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரந்தோறும் சுகாதாரப் பணியாளர்கள் போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எதை வைத்து விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள்தான். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்த உதவி கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நம் ஊர் அங்கன்வாடி அக்காமார் செய்யக்கூடிய வேலை இது. பதிவேடுகளை நிரப்புகிற பாரத்தைக் குறைத்து அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த எங்கள் மாவட்டத்துக்கு அந்த 2024 அறிவிப்புதான் பெரிது. உப்புமாவோ கிச்சடியோ, வகுப்பு முழுக்க ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. யாருக்கு வேண்டும் என்று கேட்பதில்லை.

ஆனால் அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. உடம்பு பாய்ச்சலாக வளர்கிற வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. மதிய உணவு கிடைக்கிறதே என்பார்கள். எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிற பிள்ளைக்கு மத்தியானம் வெகு தூரம். இதை எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொன்னேன். பழைய மாணவர்கள் பணம் போட்டு, மேல் வகுப்புகளுக்குக் காலையில் கஞ்சியும் சிறுபயறும் கொடுக்கலாம் என்று முடிவானது. தேவைப்படுகிற பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்கலாமா என்று ஒரு இளம் ஆசிரியர் கேட்டார். பட்டியல் வேண்டாம், நாமும் அவர்களோடு உட்கார்ந்து குடிப்போம் என்றேன்.