அம்மாவிடம் கேட்காத கேள்வி

தாயைப் பேணுதல் மக்கள் கடன் என்று பள்ளிப் பருவத்திலேயே நமக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். பீர்மேட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக இருந்து அதையே பல்லாண்டு நானும் சொல்லிவந்தேன். ஆனால் நோய் ஒரு முறை வந்து போய், மீண்டும் வந்து, மூன்றாம் முறையும் வாசலில் நிற்கும்போது பேணுதல் என்பது எதுவென்று எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை. பெற்றோரை மலைமேல் விட்டுவிட்டுத் திருப்பூரிலும் கோவையிலும் எறணாகுளத்திலும் பிழைக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவர்களை எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

என் தாயார் சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1965இல் மணமாகி மலையேறி வந்து, முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து கிள்ளினார். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது அவருடைய தோட்டமும் நின்றது. பணிக்கொடை கைக்கு வரவில்லை. ஆகவே லயத்து வீட்டை விட்டு இறங்கவும் அவர் இசையவில்லை. பீடியை அவர் தொட்டதில்லை, வெற்றிலையும் போட்டதில்லை. ஆயினும் புகைபோக வழியில்லாத லயத்து அடுக்களையில், விறகடுப்பின் முன் காலையும் மாலையும் ஐம்பது ஆண்டு அமர்ந்தவர். விறகுப்புகை புற்றுநோயைப் பெரும்பாலும் விளைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதைப் பின்னரே படித்தேன். அதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

2015இல் இருமல் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று கருதி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். தோட்டத்தாளின் இருமல் என்றால் காசம் என்றே பார்த்துப் பழகிய கண்கள் அவை. சளியில் கிருமி காணப்படவில்லை என்ற முதல் நாளிலேயே, ‘அப்படியானால் இது வேறென்ன?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பிறகு திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தில் நோய் துலங்கி, வலது நுரையீரலின் மேல்மடலை நீக்கினார்கள். நான்கு முறை கீமோ மருந்தும் ஏற்றினார்கள். தாயாரிடம் ‘நெஞ்சில் ஒரு கட்டி’ என்று மட்டும் கூறினோம். புற்று என்ற சொல் வீட்டில் எவர் வாயிலும் வரக்கூடாதென்று தங்கை கட்டளையிட்டிருந்தாள்.

2018 ஆகஸ்டுப் பெருமழையில் இடுக்கி மாவட்டமெங்கும் மண் சரிந்து சாலைகள் அறுந்துகிடந்த நாட்களில், அவருக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது, நோய் திரும்பியிருந்தது. அந்நீரில் கிடைத்த திசுவைச் சோதித்து, ஜெஃபிடினிப் என்னும் மாத்திரை பயன்படும் வகை என்றார்கள். புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இவ்வகை மிகுதியாம். நாளுக்கொரு மாத்திரை. தோலில் கொப்புளம் கண்டதைத் தவிர வேறு தொல்லையின்றி இரண்டாண்டு நடமாடினார். இம்மாத்திரை நோயை அடக்கிவைக்குமேயன்றி வேரறுக்காது, ஒரு நாள் அது பயனற்றுப்போகும் என்று மருத்துவர் அப்போதே எச்சரித்திருந்தார். நல்ல நாட்களில் எச்சரிக்கையை யார் நினைக்கிறார்கள்?

2020 செப்டம்பரில் அந்நாள் வந்தது. மருத்துவர் என்னைத் தனியே அமர்த்தி மூன்று வழிகளைச் சொன்னார். மீண்டும் திசுவெடுத்துச் சோதிப்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட மாறுதல் தென்பட்டால் ஒசிமெர்டினிப் என்னும் புதிய மாத்திரை உண்டு. ஆனால் அம்மாறுதல் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே காணப்படும். விலையோ திங்களுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை கீமோ ஏற்றிக்கொள்வது இரண்டாவது. நோயைத் துரத்தாமல் வலியையும் திணறலையும் மட்டும் தணிப்பது மூன்றாவது.

திருப்பூரிலிருக்கும் தம்பி, கடன் வாங்கியாவது மாத்திரை வாங்குவோம் என்றான். அவனிடம் தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டு அட்டை இருந்தது. தாயாரின் ரேஷன் அட்டையோ கேரளத்தது. ஆகவே அவ்வட்டை அவருக்கு உதவாது. (உங்கள் பெற்றோரின் பெயர் எந்த மாநிலத்து அட்டையில் இருக்கிறதென்று நோய் வருமுன்பே பார்த்துவையுங்கள்.) கம்பத்திலிருக்கும் தங்கை, மதுரைக்குக் கொண்டுபோவோம் என்றாள். குமுளிச் சோதனைச்சாவடியைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த நோய்த்தொற்றுக் காலம் அது. ஒரு மணிப் பயணத் தொலைவில் இருந்தும் அவளால் நினைத்தபோது வர இயலவில்லை. எல்லாச் சண்டையும் தொலைபேசியிலேயே நடந்தது. நோயாளியை எவரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டது அவர்தாம். திரும்பும் வழியில் குட்டிக்கானத்தில் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தியிருந்தோம்.

“ஏய்யா, டாக்டரு உங்கிட்ட அரை மணி நேரம் பேசினாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே. நோவு எனக்குத்தானே?”

நான் மழுப்பினேன்.

“மொதத் தடவையே எனக்குத் தெரியும்யா. அங்க மொட்டத்தலையோட இருந்த பிள்ளைகளப் பாத்தேன்லா? நீங்க பயப்படுதீகன்னு நானும் கேக்காம இருந்துட்டேன்.”

ஐந்தாண்டு நாங்கள் அவருக்கு மறைத்தோம். அவர் எங்களுக்கு மறைத்திருக்கிறார். அன்று மாலையே மூன்று வழிகளையும் விலையோடு சொன்னேன். புதிய மாத்திரையை உடனே தள்ளிவிட்டார். பிள்ளைகளைக் கடனாளியாக்கிப் போகமாட்டேன் என்றார். கீமோவுக்குக் கணக்குப் போட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோகூட ஏமாறாதவர் அவர். “போக ஒரு நாளு, மருந்துக்கு ஒரு நாளு, வர ஒரு நாளு, வாந்தியோட படுத்துக்கெடக்கப் பத்து நாளு. மிச்சம் எட்டு. அந்த எட்டு நாளுக்கா இந்தப் பாடு?” மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இக்கணக்கைச் சொன்னேன். சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். அம்மாவின் கணக்கில் பிழையில்லை என்றார்.

‘சாகவிடப் போகிறீர்களா?’ என்று தங்கை அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது மருத்துவர் சொன்ன செய்தியொன்று உதவியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுடையோர் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவத்தோடு தொடக்கத்திலேயே தணிப்பு மருத்துவமும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, கடுமருந்தைக் குறைவாகப் பெற்றும், மற்றவரைவிடச் சுமார் இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். எங்கள் தாயாருக்கு அதைத் தொடக்கத்திலேயே தேடியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. கேரளத்தில் அது எட்டாக் கனியும் அன்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாகி, ஊராட்சிகள் வழியே வீட்டுக்கு வருகிறது.

லயத்துக்கு வந்த செவிலியை எல்லாரும் ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ என்றே அழைத்தார்கள். அவர் மார்பின் மாத்திரையை எடுத்ததும் தம்பி பதறினான். அது போதைப்பொருளாயிற்றே என்றான். வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் போதைக்கு அடிமையாவது மிக அரிது, மூச்சுத் திணறலையும் அது தணிக்கும் என்று சிஸ்டர் விளக்கினார். நான்கு மணிக்கொரு முறை. மலச்சிக்கலுக்கு உடன் ஒரு மருந்து. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, சிறு மின்விசிறியை முகத்தில் படுமாறு வைக்கச் சொன்னார். அவ்வளவு எளிய காரியம் அத்தனை ஆறுதல் தருமென்று நான் எண்ணவில்லை.

ஆறு மாதம் இருந்தார். பொங்கலுக்குத் தங்கை வந்து, பிறகு போகவேயில்லை. அடுத்த லயத்துக் குழந்தைகளைத் திண்ணையில் கூட்டி வைத்து, அட்டை கடித்த கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். எல்லா நாளும் அப்படியிருக்கவில்லை. பிப்ரவரியில் ஓர் இரவு திணறல் மிகுந்து, என் கையைப் பற்றிக்கொண்டு, “அந்த ஊசிய ஏத்திப் பாத்திருக்கலாமோ?” என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்து, விடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். விடிந்தபின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2021 மார்ச்சில் ஒரு பிற்பகல் உறக்கத்திலேயே போய்விட்டார். பதினாறு முடிந்தபின், எஞ்சிய மார்பின் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள சிஸ்டர் வந்தார். அம்மா அமர்ந்திருந்த திண்ணையில் இருவரும் எண்ணினோம். பத்தொன்பது இருந்தன. எண்ணிக்கையைத் தம் ஏட்டில் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, சுக்குக்காப்பி குடித்துவிட்டு அடுத்த லயத்துக்கு நடந்தார்.