சித்திரைக்குக் கீழே மூன்றரை முஷ்டி

ஆம்பூர் டேனரி ஒன்றில் எனக்கு செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு எல்லாம் பார்த்து ரகம் பிரிக்க வேண்டும். உற்றுப் பார்த்தே பழகிய கண். வானம் பார்க்கக் கற்றுத்தந்த பாய் முதலில் மாற்றச் சொன்னது அதைத்தான்.

“உத்துப் பாக்காதே தம்பி, கொஞ்சம் ஒதுக்குப்புறமா பாரு.”

விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உரியது; மங்கிய ஒளியை வாங்கும் செல்கள் அதைச் சுற்றித்தான் நெருங்கியிருக்கின்றன. மார்கழி முன்னிரவில் ஆண்ட்ரோமெடா மண்டலத்தை நேரே பார்த்தால் மறையும். பக்கத்தில் பார்த்தால் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தாண்டி வருகிற வெளிச்சம்! அரைமணி நேரமாவது இருட்டில் கண் பழகணும். செல்போனைத் தொடவே கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். நெடுஞ்சாலை விளக்குகள் ஊர் வானத்தைக் கெடுத்துவிட்டதால் ஆலங்காயம் பக்கம் போய்விடுவோம்.

அளவுகோல் கைதான். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. சப்தரிஷியின் வால் வளைவைப் பிடித்தே போனால் சுவாதி, அப்படியே இறங்கினால் சித்திரை. சித்திரை தெற்கே உச்சிக்கு வரும்போது, நேர் கீழே மூன்றரை முஷ்டியில் ஒமேகா செண்டாரி.

பைனாகுலரில் அது ஓரம் கலைந்த வெள்ளை வட்டம். தாலமி அதை ஒரு நட்சத்திரம் என்றே பட்டியலிட்டார்; 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஹாலிதான் அது வெறும் நட்சத்திரமல்ல என்று கண்டார். ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்களின் கொத்து. தொலைவு சுமார் 17,000 ஒளியாண்டு. வடதேசத்தார் எழுதிய புத்தகங்கள் ஹெர்குலிஸ் கொத்தைத்தான் தலையில் வைத்து ஆடுகின்றன. என்னைக் கேட்டால், இதன் முன்னே அது நிற்காது. பாவம், லண்டனில் ஒமேகா செண்டாரி உதிப்பதே இல்லை.

தென்வானம் இப்படிக் கைக்கெட்டுவதும் ஒரு காரணமாகத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகம் அமைக்க ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரில் இருக்கிறது. காவலூருக்குப் போக நினைப்பவர்கள் பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், மழைக்காலத்தில் வேண்டாம்.

அதுவரை காத்திருக்க முடியாதென்றால், மே நடுவில் நிலவில்லாத இரவு, பத்து மணிவாக்கில் தெற்குப் பார்த்த மொட்டைமாடி ஒன்றைப் பிடியுங்கள். சாதாரண பைனாகுலர் போதும்.